கட்டம் கட்டமாய் ஒரு போர்வை! - அப்பாவின் கைலிகள் கற்றுக்கொடுத்த பாடம்

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவருடைய வேட்டி சட்டைகளை எடுத்து யார் யாருக்கோ கொடுத்தார்கள். எங்கள் வையம்பட்டிப் பக்கம் அதுதான் வழக்கம். இறந்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால், பீரோவின் கீழ்த்தட்டில் மடித்திருந்த ஏழு கைலிகளை மட்டும் அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, என் மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டபோது, ‘போர்வை - 1’ என்று எழுதினேன். மகள் அதை அடித்துவிட்டு, ‘தாத்தா கைலியில தைச்சுத் தர்றியாம்மா?’ என்று கேட்டாள். இணையத்தில் கட்டம் போட்ட துணிகளை ஒட்டித் தைக்கும் குவில்ட் போர்வைகளைப் பார்த்திருக்கிறாள்.

‘செத்தவங்க துணியை வெட்டுறதா?’ என்று அத்தை முகம் சுளித்தார். அம்மா எதுவும் சொல்லாமல் பீரோவைத் திறந்து, ஏழில் ஒன்றை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மீதி ஆறையும் என் மடியில் போட்டார். ‘வெட்டுறதுன்னா வெட்டு. வெட்டிப்புட்டு, தைக்காம மூட்டையா கட்டி பரண்ல மட்டும் போட்றாதே.’

அந்த ஒரு வாக்கியம்தான் பயமாக இருந்தது. கடைத் துணி என்றால் தப்பாகப் போனால் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஆறு கைலிகளுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. எனவே, கத்திரியைக் கையில் எடுப்பதற்கு முன் நிறைய விசாரித்தேன். எங்கள் தெரு டெய்லரக்காவிடமும் மணப்பாறையில் மெத்தை தைப்பவரிடமும் கேட்டேன், நிறையப் படித்தேன். அப்படியும் ஒரு தப்பு செய்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் வீட்டுத் துணியாவது தப்பிக்கட்டும்.

கட்டத் துணி நம்ம ஊர்ச் சொத்து

ஆங்கிலத்தில் ‘பிளெய்டு’ என்றதும் பலருக்கும் ஸ்காட்லாந்து கம்பளிதான் நினைவுக்கு வரும். ஆனால், பருத்தியில் கட்டம் போட்ட துணிக்கு உலகம் வைத்திருக்கும் பெயரே ‘மெட்ராஸ்’தான். அமெரிக்காவில் ஒரு துணிக்கடைக்குப் போய் ‘மெட்ராஸ்’ என்று கேட்டால், கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் காட்டுவார்கள்.

திருச்சி மாவட்டத்துக்கும் பருத்திக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளஸ்’ என்ற கடல் வணிகக் கையேடு, ‘அர்காரு’ என்ற உள்நாட்டு ஊரின் மெல்லிய துணிகளைப் பற்றிக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் நம் உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பிற்காலத்தில் சோழமண்டலக் கரை முழுக்க நெசவாளர்களைத் தேடி ஐரோப்பிய கம்பெனிகள் வந்தன. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் ‘காயின் பெலிகாட்’. பழவேற்காட்டை ஐரோப்பியர்கள் ‘புலிகாட்’ என்று அழைத்ததிலிருந்து வந்த பெயர் அது. சென்னையில் ஆங்கிலேயர்கள் 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர்தான் ‘சின்னத் தறிப் பேட்டை’. இப்போது நாம் சொல்லும் சிந்தாதிரிப்பேட்டை!

அத்தை கேட்ட கேள்விக்கும் இந்தத் துணியின் கதையிலேயே பதில் கிடைத்தது. நைஜீரியாவில் கலபாரி என்ற மக்கள் பல தலைமுறைகளாக நம் மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். குழந்தை பிறப்பிலும், பெரியவர்களின் இறுதிச் சடங்கிலும் அந்தத் துணிக்கு இடம் உண்டு. அதில் சில நூல்களை மட்டும் கவனமாக வெட்டி உருவி, புது டிசைன் செய்வது அவர்களுடைய பெண்களின் தனிக்கலை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அங்கே 1942-ல் மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி, மகளோடு சேர்ந்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை. 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சிக்குப் பிறகு, அந்தக் கிராமத்துப் பெண்களின் போர்வைகள் உலகப் புகழ் பெற்றன.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். ‘அப்ப சரி, அந்த ஊர்க்காரியும் நம்மளாட்டந்தான்’ என்றார்.

நான் செய்த தப்பு

நேராகப் போர்வையில் கை வைக்காமல், முதலில் இரண்டு திண்டு உறை தைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அது நல்ல யோசனைதான். ஆறில் வெளிர் நிறமாக இருந்த ஒரு கைலியை எடுத்தேன். வெள்ளையில் நீலக்கட்டம். ஜோடிக்குப் புதிதாக அரக்குச் சிவப்பில் பருத்தித் துணி வாங்கி, வாங்கிய அன்றே வெட்டித் தைத்தேன். திண்டு உறை அழகாக வந்தது. மறுநாள் அலசிப் போட்டேன். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால், வெள்ளைக்கட்டம் எல்லாம் ரோஸ் நிறம். எத்தனை முறை அலசியும் போகவில்லை.

கைலி மேல் தப்பில்லை. இருபது வருடம் துவைத்த துணி அது. விட வேண்டிய சாயத்தை எப்போதோ விட்டிருக்கும். புதுத் துணியைத் தனியாக அலசிப் பார்க்காமல் சேர்த்துத் தைத்தது என் அவசரம். ஆறு கைலி ஐந்தாயிற்று. அம்மா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘கோயில் குங்குமம் கொட்டுன மாதிரி இருக்கு’ என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இதே சாயம் போகிற குணத்தை வைத்து ஒருமுறை வியாபாரமே நடந்திருக்கிறது. 1958-ல் மெட்ராஸ் கட்டத் துணி பெரிய அளவில் அமெரிக்காவுக்குப் போனது. துவைத்தால் சாயம் போகும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. புகார்கள் குவிந்தன. வழக்கு வரை போகவிருந்த பிரச்னையை, விளம்பரக்காரர்கள் தலைகீழாகத் திருப்பினார்கள். ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் கலந்து புதுச் சட்டையாகும் என்றதும், அதுவே ஃபேஷன் ஆகிவிட்டது. சட்டைக்கு அது சரி. பல நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஒட்டுத்துணிப் போர்வைக்குச் சரிப்படாது.

வெட்டுவதற்கு முன் ஐந்து சோதனைகள்

1. சாயம்: வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துணியின் ஒரு மூலையை அரை மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால், துணியை முழுதாக அலசி, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். அதன் பிறகு ஈரத் துணியின் மேல் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் கறை ஒட்டாவிட்டால் பயமில்லை. சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். கல் உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊற வைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று சொல்வார்கள். வினிகர் போன்ற புளிப்பு, பட்டு, கம்பளிக்கான சில சாயங்களுக்குத்தான் உதவும். பருத்தியில் ஏற்கெனவே ஏறிய சாயத்தை அது நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. ஒட்டாத சாயத்தை அலசி வெளியேற்றுவதுதான் ஒரே வழி.

2. நெய்ததா, அச்சடித்ததா? துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலிலேயே சாயமேற்றி நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்த கட்டம் பின்பக்கம் மங்கியிருக்கும். அச்சடித்ததில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டத்தின் கோடு ஒரு பக்கம் போகும். நூல் இன்னொரு பக்கம் போகும். கோட்டின்படி வெட்டினால் துணி இழுத்துக்கொள்ளும்; நூலின்படி வெட்டினால் கட்டம் கோணலாகத் தெரியும்.

3. பருத்திதானா? ஓரத்தில் நாலு நூல் உருவி, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் நல்லது. அதோடு, இரண்டையும் கலந்து தைத்தால், துவைத்ததும் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. போர்வை அங்கங்கே உப்பிக்கொள்ளும்.

4. நைந்த இடம்: பழைய துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். கைலியில் உட்காரும் பகுதி சல்லடை மாதிரித் தெரியும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால், நைந்த துண்டு முதலில் கிழிந்து, பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொண்டு போகும். எனக்கு ஒரு கைலியில் பாதிதான் தேறியது.

5. கனம்: இரண்டு துணிகளையும் இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கைலியோடு சட்டைத் துணி, மெல்லிய பருத்திச் சேலைத் துணி சேரும். ஜமுக்காளம், ஜீன்ஸ், திரைத் துணி சேராது. கனமான துண்டு மெல்லிய துண்டின் தையலைப் பிய்த்துவிடும்.

எந்தக் கட்டத்தோடு எந்தக் கட்டம்?

எல்லாமே கட்டமாக இருந்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. நான் கடைப்பிடித்தது இதுதான். பெரிய கட்டம், நடுத்தரக் கட்டம், சின்னக் கட்டம் மூன்றும் கலந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால், தூரத்திலிருந்து பார்க்க ஒரே துணி மாதிரித்தான் தெரியும். அடுத்தது, கட்டத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை நிறத் துண்டு. சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் ஒவ்வொரு கைலியும் தனியாகத் தெரியும்.

ஒற்றை நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டத்தில் பெரிதாக அடித்துத் தெரிகிற நிறத்தை விட்டுவிடுங்கள். எல்லாத் துணியிலும் ஒளிந்திருக்கும் மெல்லிய கோட்டின் நிறத்தைப் பாருங்கள். அப்பாவின் ஐந்து கைலிகளில் பச்சை இருந்தது, பழுப்பு இருந்தது, ஊதா இருந்தது. ஆனால், ஐந்திலும் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு நூல்கோடு ஓடியது. அந்த நிறத்தைத்தான் தேடினேன். கைலியையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு திருச்சி என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி எல்லாம் சுற்றினேன். துணியைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நீலம், வெயிலில் வேறு வேறாக இருக்கும்.

கையில்தான் போன் இருக்கிறதே, அதையும் பயன்படுத்துங்கள். துணிகளை வரிசையாக வைத்துப் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது அடர்த்தி, எது வெளிர் என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும். அடர்த்தியானதெல்லாம் ஒரே மூலையில் சேர்ந்துவிடாமல் பரப்பி வைக்கலாம்.

வீட்டில் பழைய கைலி இல்லையென்றால் கவலை வேண்டாம். கைத்தறிக் கட்டத் துணிக்கு 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கவே இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை வீட்டில் கிழிந்து கிடந்தால், அதன் கட்டங்கள் இதற்கு அபாரமாகப் பொருந்தும். பிள்ளைகளின் பழைய கட்டம் போட்ட சட்டைகளும் போதும்.

எவ்வளவு துணி வேண்டும்?

ஒரு ஆள் போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு நான் போட்ட கணக்கு இது.

* வெட்டும் சதுரம் 10 இன்ச். சுற்றிலும் அரை இன்ச் தையலுக்குப் போக, கிடைப்பது 9 இன்ச். கால் இன்ச் விட்டால் போதும் என்று பல வீடியோக்களில் சொல்வார்கள். கைலித் துணி ஓரம் பிரியும் என்பதால் அரை இன்ச் விடுவது நல்லது.
* அகலத்தில் 6, நீளத்தில் 9 என்று மொத்தம் 54 சதுரம். கட்டத்தில் 27, ஒற்றை நிறத்தில் 27.
* நாலு கைலியில் தலா 5 சதுரம், நன்றாக இருந்த ஒன்றில் 7.
* ஒற்றை நிறத் துணி 44 இன்ச் அகலத்தில், சதுரங்களுக்கு இரண்டேகால் மீட்டர், சுற்று பார்டருக்கு ஒரு மீட்டர்.
* சுற்றிலும் 3 இன்ச் பார்டர் வைத்ததும் முழு அளவு 60 இன்ச்சுக்கு 87 இன்ச். அதாவது 5 அடிக்கு ஏழேகால் அடி.
* அடிப்பக்கத்துக்கு ஒரு பழைய பருத்திச் சேலை. முந்தானையை விட்டுவிட்டு, 93 இன்ச்சில் இரண்டு நீளம் வெட்டி, பக்கவாட்டில் இணைத்தால் போதும். அகலம் தாராளமாகவே கிடைக்கும்.

புதுத் துணி எதுவானாலும், அலசிக் காய வைத்த பிறகே அளவெடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும்.

கஞ்சி போட்டால் கத்திரி பேசும்

பழைய கைலி நெகிழ்ந்து போயிருக்கும். வெட்டும்போது வழுக்கி வழுக்கி ஓடும். டெய்லரக்கா சொன்ன யோசனை, சோற்றுக் கஞ்சி! வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டேன். துணி காகிதம் மாதிரி நின்றது.

கட்டத் துணியில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வசதி, வெட்ட வேண்டிய கோடு துணியிலேயே இருக்கிறது. தொல்லை, அரை நூல் கோணினாலும் ஊருக்கே தெரியும். அதனால் ஸ்கேலை மட்டும் நம்பாமல் கட்டத்தின் கோட்டிலேயே வெட்டுங்கள். சில கட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவாக இருக்கும். சிலது ஒரு பக்கம் நீண்டிருக்கும். நீண்டதென்றால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வையுங்கள். பாவு நூல் அதிகம் இழுபடாது, ஊடை கொஞ்சம் இழுபடும். பாவு எல்லாத் துண்டிலும் மேலிருந்து கீழாக ஓடினால் போர்வை கோணாது.

வெட்டிய துண்டுகளைக் கூடத்துத் தரையில் பரப்பி, புள்ளிக் கோலம் மாதிரி அடுக்கினோம். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு துண்டை மாற்றி வைத்தார்கள். ‘இந்தப் பச்சை, அவர் தறுதலை ஆட்டை இழுத்துட்டு வரும்போது கட்டியிருந்தது’ என்று அம்மா ஒன்றைக் காட்டினார். அதற்கு முன் இரண்டு வருடமாக அப்பாவைப் பற்றி அவராக எதுவும் பேசியதில்லை.

மூன்றாம் நாள் மெஷினில் இணைத்தேன். 14-ம் நம்பர் ஊசி, பருத்தி நூல். முதலில் ஒவ்வொரு வரிசையாக, பிறகு வரிசையோடு வரிசை. ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலது பக்கமும் அடுத்த வரிசையினுடையதை இடது பக்கமும் இஸ்திரி போட்டுவிடுங்கள். நாலு சதுரம் கூடும் முனை புடைக்காமல் பொருந்தும்.

உள்ளே என்ன வைப்பது?

வெளிநாட்டுப் போர்வைகளில் தடிமனான பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு வைக்கிறார்கள். பனி பெய்யும் ஊருக்கு அது. வையம்பட்டியில் மார்கழி, தை போனால் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது.

மெத்தை தைப்பவரிடம் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்டேன். ‘தலையணைக்கு வைங்க, துவைக்கிற போர்வைக்கு வேண்டாம்’ என்றார். இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது. உள்ளே நிற்காமல் நகர்ந்து ஒரு மூலையில் சேரும். துவைத்தால் கட்டி தட்டும். சாதாரணப் பருத்திப் பஞ்சும் நெருக்கமாகத் தைக்காவிட்டால் விலகிவிடும்.

எனக்கு ஒத்து வந்தது நம் பாட்டிகளின் வழிதான். பழைய பருத்திச் சேலை இன்னொன்றை நடுவில் விரித்தேன். வங்காளத்துக் காந்தாவும் இப்படிப் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு உருவானதுதான். மூன்று அடுக்கும் பருத்தி என்பதால் வேர்க்காது, சீக்கிரம் காயும். குளிர் ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் பருத்தி ஃபிளானல் துணி வையுங்கள்.

அடிச்சேலையை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் இழுத்து விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மேலே நடுத்துணி, அதன் மேல் ஒட்டுப்போட்ட துணி. நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரம் நோக்கிச் சுருக்கத்தை நீவிவிட்டு, ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள்.

பிறகு கைத்தையல். தனியாகக் கோடு போட வேண்டாம். கட்டத்தின் கோட்டையே பிடித்துக்கொண்டு போகலாம். தடித்த பருத்தி நூலில், நாலைந்து இன்ச்சுக்கு ஒரு வரி. தினமும் மாலை ஒரு மணி நேரம். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மாவின் தையல் சின்னச் சின்னதாக, அரிசி மாதிரி இருக்கும். என்னுடையது கொஞ்சம் முன்னே பின்னே. மகள் பிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். எது யார் தைத்தது என்று இப்போதும் பார்த்தவுடன் தெரியும்.

முடிக்கிற இடத்தில்தான் அழகு

போர்வை முதலில் கிழிவது ஓரத்தில்தான். எனவே, ஓரப்பட்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டரை இன்ச் அகலத்தில் பட்டை வெட்டி, இரண்டாக மடித்து வைத்தால் ஓரத்தில் இரட்டைத் துணி கிடைக்கும். இந்த அளவுப் போர்வைக்குச் சுற்றளவு 294 இன்ச். மூலை மடிப்பு, இணைப்பெல்லாம் சேர்த்து 310 இன்ச் நீளத்துக்குப் பட்டை வேண்டும்.

ஓரப்பட்டிக்குக் கட்டத் துணியையே எடுத்து, நேராக வெட்டாமல் கிராஸ் பீஸாக வெட்டிப் பாருங்கள். கட்டமெல்லாம் சாய்சதுரமாகி, ஓரம் முழுக்கச் சாய்கோடு ஓடும். குறுக்காக வெட்டிய துணி இழுபடும் என்பதால், தைக்கும்போது இழுத்துப் பிடிக்காமல் சும்மா வைத்துத் தையுங்கள். முதலில் மேல்பக்கம் மெஷினில் தைத்து, மூலைக்கு வந்ததும் அரை இன்ச் முன்பாக நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, மறுபடி கீழே இறக்கித் தையுங்கள். திருப்பினால் மூலை தானாகவே கூராக மடியும். பின்பக்கம் கையால் ஹெம்மிங்.

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் ‘கவந்தி’ போர்வையில் இன்னொரு அழகு உண்டு. ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பித்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் சின்ன முக்கோணத் துணியை மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் ‘ஃபூலா’, பூ என்று அர்த்தம். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

எனக்கு அந்தப் பூ பிடித்துவிட்டது. ஆனால், துணி இல்லை. ஐந்து கைலியிலும் நல்ல இடமெல்லாம் சதுரத்துக்கே போய்விட்டது. ஓரப்பட்டிக்கும் கட்டத் துணி மிச்சமில்லை. நீலத் துணியிலேயே பட்டை வைத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, மெஷின் மேல் ஒரு கைலி மடித்து வைத்திருந்தது. தலையணைக்கு அடியில் இருந்த ஏழாவது கைலி. ‘உனக்கு வேணாமாம்மா?’ என்றேன். ‘ஒண்ணா தனியா கெடக்குது. அதையும் அதோட சேத்துத் தைச்சிரு’ என்றபடி அடுப்படிக்குப் போய்விட்டார்.

எதையும் வெட்டுவதற்கு முன் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அந்தக் கைலியின் மூலையை அரை மணி நேரம் ஊற வைத்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

ஓரப்பட்டியும் நாலு மூலைப் பூவும் அதில்தான் தைத்தேன். பின்பக்க மூலையில் அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், என் பெயர், மகள் பெயர், வருடம் எல்லாம் எம்ப்ராய்டரி நூலில் தைத்தோம். நீங்களும் இதை விட்டுவிடாதீர்கள். யார் தைத்தது, எப்போது தைத்தது என்று எழுதாத போர்வை, இரண்டு தலைமுறை கழித்து வெறும் பழைய துணியாகிவிடும்.

பாதுகாப்பது எப்படி?

* தைத்து முடித்ததும் ஒருமுறை அலசிவிடுங்கள். கஞ்சி உள்ளேயே தங்கினால் பூச்சி வரும்.
* குளிர்ந்த தண்ணீர், மிதமான சோப்பு. முறுக்கிப் பிழிய வேண்டாம். அழுத்தித் தண்ணீரை எடுங்கள்.
* ஈரப் போர்வை கனக்கும். ஒரே கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும். இரண்டு கொடிகளில் பரப்பி, நிழலில் காய வையுங்கள்.
* பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, வேறு மாதிரி மடியுங்கள்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாள் பெட்டியில் இடம் போதவில்லை. போர்வையைத் தனிப்பையில் போட்டு, மகள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். போன வாரம் போனில் பேசும்போது, ‘ரூம்ல எல்லாரும் எங்க வாங்குனேன்னு கேக்குறாங்க’ என்றாள். அம்மா போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

‘துவைச்சியா... சாயம் கீயம் போச்சா?’

‘போகல பாட்டி!’